பொருநையாறும் ஒன்பது மலர்களும்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறையாக வழிபடுதல் நம் சமயத்தார்க்குத் தொன்றுதொட்டு வந்த ஒழுக்கமாகும். இவற்றுள் மூர்த்தியின் பெருமையும் தலத்தின் பெருமையும் திருமுறைகளாலும் புராணங்களாலும் பலர் அறியக் கிடத்தலின், அவற்றை ஈண்டு விரித்தல் மிகையாம். தீர்த்தம் என்பது யாது, அஃது உயிர்க்கு உதவுமாறு எங்ஙனம், அதன்கண் நாம் இக்காலத்து ஒழுகும் முறை தக்கதோ என்னும் இவையே இன்று ஆராயற்பாலன. இவற்றைப் பொதுவகையாற் கூறின் மனத்தில் நன்கு பதியா. ஆதலின், தென்பாண்டி நாட்டுப் பொருநையாறு ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அது மலைமுடியிற் பிறந்து கடலிற் புகுமளவும் அதனுடன் சென்று காண்பாம். தாமிரபரணி என வடமொழியில் வழங்குவதும் இதுவே. ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நீளமே உடைய சிறிய ஆறாயினும், பிறக்குமிடமும் புகுமிடமும் தமிழகத்திற்கு உள்ளேயே அமைந்ததும், ஆண்டு முழுதும் பெரும்பாலும் வற்றாது ஓடுவதும் ஆகிய சிறப்புடையது.

இவ்வாற்றைப் பற்றி அந்நாட்டில் வழங்கும் வரலாறு ஒன்றுண்டு. உரோமச முனிவர் அகத்திய முனிவருடைய மாணாக்கர். அவர் முத்தியை விரும்பி ஆசிரியரை வழிவினவ, ஆசிரியர் ஒன்பது மலர்களைப் பொருநையில் மிதக்கவிட்டு, அவை ஒவ்வொன்றும் கரையணையும் இடத்திற் சிவலிங்கம் நிறுவி வழிபடுமாறும், முடிவில் ஆறு கடலொடு கூடும் துறையில் நீராடுமாறும் பணித்தனர் என்ப. அங்ஙனம் மலர்கள் அணைந்த இடங்களே இன்று நவகயிலாயம் எனப் போற்றப்படுகின்றன. அவை முறையே பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, இராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்பன. ஒன்பது கோள்களையும் இவ்வொன்பது தலங்களோடு இயைத்து, குருவின் பொருட்டு முறப்பநாட்டிற்கும் சனியின் பொருட்டு ஸ்ரீவைகுண்டத்திற்கும் செல்வார் இந்நாளிற் பலர். அங்ஙனம் செல்லுதலை யாம் இகழ்கின்றிலேம். எக்காரணம் பற்றியேனும் சிவாலயம் புகுதல் நன்றே. ஆயினும், உரோமசர் வேண்டியது கோளின் துன்பம் நீங்குதல் அன்று. முத்தியே என்பதை மறத்தலாகாது. அக்கருத்தைப் பற்றியே இவ்வரலாற்றின் உட்பொருளைக் காண வேண்டும்.

மலர் என்றது உயிரையும், ஆறு என்றது திருவருட் சத்தியையும் குறிக்குமாறு கொள்க. மலர்க்குத் தானே நடக்கும் ஆற்றல் இல்லை. நீர் கொண்டுசெல்லும் வழியே செல்லும். உயிரோ அறிவுடைப் பொருள். எனினும் அறிவிக்க அறிவதன்றித் தானே அறியமாட்டாதது. அறிவித்து நடத்துவது அருள். மலர் நீரோடு கூடியே செல்லினும் மலர் நீர் ஆவதில்லை; நீரும் மலர் ஆவதில்லை. இரண்டும் பிரிவின்றி நிற்பன. ஆயினும் ஒரு பொருள் அல்ல. நம் ஆசிரியர்கள் அத்துவிதம் என்னும் சொல்லுக்குக் கொண்ட பொருளும் இதுவேயன்றோ? உவமை ஒருபுடை ஒத்தல் அமையும் என்பதை மனத்துட் கொண்டு, இனி ஆற்றின் வழியே செல்வாம்.

பொருநை எங்கே பிறக்கின்றது? பொதியமலையில், அகத்தியர் பெயரால் வழங்கும் கொடுமுடியின் அருகே, பூங்குளம் என்னும் சுனையிற் பிறக்கின்றது என்பர். அது மெய்யே. ஆயின், மலை அந்நீரைப் படைத்ததோ எனின், இல்லை. வைகாசி இறுதி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைக் கொணர்ந்து மேற்குமலைத் தொடரில் மோதிப் பொழிகின்றது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலின் ஈரத்தைக் கொணர்ந்து கீழ்ச்சரிவிற் பொழிகின்றது. இருபருவ மழையையும் ஏற்கும் பேறுடைமையினாலேயே இவ்வாறு வற்றாது ஓடுகின்றது. மலைமேல் உள்ள சோலைக்காடுகள் அம்மழையைப் பஞ்சுபோல உள்வாங்கி, மழையில்லாத நாளிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. ஆகவே, கடலை நோக்கிச் செல்வதாக நாம் காணும் ஆறு, உண்மையிற் கடலினின்றும் வந்ததேயாம்.

இதனால் அறியத்தக்கது யாது? உயிர் இறைவனைத் தேடிச் செல்லுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அத்தேட்டம் உயிரினிடத்துத் தானே தோன்றியதன்று. ஆணவ இருளில் அறிவு விளங்காது கிடந்த உயிரின்மேல், இறைவன் அருள் முன்னரே வந்து பொழிந்தமையால், அவ்வுயிர் அவனை நாடத் தொடங்கிற்று. மேகம் வாராமுன் ஆறு ஓடியதில்லை. அருள் வாராமுன் உயிர் தேடியதும் இல்லை.

பூங்குளத்தினின்றும் இறங்கும் நீர் பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு முதலியவற்றின் நீரை மலைக்குள்ளேயே பெற்றுப் பெருகுகின்றது. பாணதீர்த்தம் என்னும் அருவியாக வீழ்கின்றது. காரையாற்றில் 143 அடி உயரம் நீர் தேக்கும் பாபநாசம் மேலணையில் நின்று, பின்னர்ச் சேர்வலாற்றையும் கூட்டிக்கொண்டு, முண்டந்துறைக் காட்டைக் கடந்து, கலியாண தீர்த்தத்தின் அருகே மீண்டும் அருவியாய் வீழ்ந்து சமவெளியை அடைகின்றது. இவ்விடமெல்லாம் அதன் நடை கடுமையானது. பாறையில் மோதுகின்றது, சுழல்கின்றது, நுரைக்கின்றது, சில இடங்களிற் பாறையிடுக்கில் மறைந்தும் போகின்றது.

அருவியில் அகப்பட்ட மலரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அது சிறந்ததோரிடத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றது என்று பார்ப்பவர் கூறுவாரோ? அலைக்கழிக்கப்படுகின்றது என்றே கூறுவர். இறைவனது சத்தி உயிரைப் பக்குவப்படுத்தும் பொருட்டு, தன்னைக் காட்டாது மறைந்துநின்று, வினைப்பயன்களை ஊட்டி நடத்தும் நிலையைத் திரோதானம் என்பர் நம்மவர். அந்நிலையில் உயிர்க்குத் தோன்றுவது துன்பமும் மயக்கமுமே. நடத்துகின்ற கை தோன்றுவதில்லை. ஆயின், அருவியாய் மோதிய நீரே கீழே துறையிலும் அமைந்து நிற்கின்றது. அது வேறு, இது வேறு அன்று. மறைத்து நடத்திய சத்தியே, மலம் பரிபாகம் எய்தியவிடத்து, அருட்சத்தியாய் விளங்குகின்றது. துன்பக் காலத்தில் இறைவன் நம்மைக் கைவிட்டனன் என்று வருந்தும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

முதல் மலர் அணைந்தது பாபநாசம். இந்திரன் தன்னைப் பற்றிய கொலைப்பழி நீங்கப்பெற்ற தலம் என்பது தலபுராணம். பாபநாசநாதரும் உலகம்மையும் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலின் முன்னரே ஆறு ஓடுகின்றது. ஈண்டு நீராடினாற் பாவம் போகும் என்னும் நம்பிக்கையால் நாடோறும் அன்பர் பலர் வருகின்றனர். 2018-ஆம் ஆண்டு புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் நிகழ்ந்த மகாபுஷ்கர விழாவில் இவ்வாற்றின் துறைகளில் நீராடினார் தொகை மிகப் பெரிது. நன்று. ஆயின், இங்கே ஒரு வழக்கம் பரவியுள்ளது. நீராடியவர் உடுத்திருந்த ஆடையை ஆற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறுகின்றனர். ஆடையோடு பாவமும் கழிந்தது என்பது அவர் எண்ணம். அவ்வாடைகள் மூட்டை மூட்டையாகப் பாறைகளிற் சிக்கியும், மணலிற் புதைந்தும், மீனும் பிறவும் வாழும் இடங்களை அடைத்தும் கிடக்கின்றன. தொண்டுசெய்வார் இறங்கி எடுத்தும் எடுத்தும் மாளவில்லை.

இவ்வழக்கத்திற்குச் சித்தாந்த நூல்களில் இடமுண்டோ? உயிரைப் பற்றியவை ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று. இவற்றுள் ஆணவம் செம்பிற் களிம்பு போல உயிரோடு அநாதியே கலந்து நிற்பது. அது நீராற் கழுவப்படுவதன்று; துணியோடு கழற்றப்படுவதும் அன்று. அங்ஙனமாயின் தீர்த்தமாடுதல் பயனற்றதோ எனின், அற்றன்று. தீர்த்தம் இறைவனுடைய சத்தி பதிந்த இடம் என்னும் தெளிவோடு, செய்த தீமைக்கு நெஞ்சம் வருந்தி, இனிச் செய்யேன் என்னும் உறுதியோடு மூழ்குவார்க்கு அது சிவபுண்ணியமாய், ஞானத்திற்கு வாயிலாகும். பாவத்தைப் போக்குவது அந்நீரை இடமாகக் கொண்டு நின்ற அருள். அதனை உணராது நீரையே மருந்தாகவும் துணியையே நோயாகவும் எண்ணினால், வந்தவர் தம் அழுக்கை ஆற்றிற்குக் கொடுத்து, ஆணவத்தைத் தம்மோடு வீட்டிற்குக் கொண்டுபோகின்றவராவர். அன்றியும், கீழூரில் ஒருவன் அந்நீரையே பருகுகின்றான். அவனுக்குத் தீங்கு விளைத்தல் புதியதொரு பாவமாம். பாவம் போக்கும் துறையிற் பாவம் ஈட்டிச் செல்லுதல் எத்துணைப் பேதைமை!

பாபநாசத்தை அடுத்துள்ளது விக்கிரமசிங்கபுரம். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் இயற்றியருளிய மாதவச் சிவஞான முனிவர் தோன்றிய ஊர் இதுவே. இளமையில் திருவாவடுதுறை ஆதீனத்து அடியவர்களை வழியிற் கண்டு, தம் இல்லத்திற்கு அழைத்து அமுதளித்து, அவர்களோடு புறப்பட்டுச் சென்றனர் என்பது அவர் வரலாறு. 1785-ஆம் ஆண்டிற் சிவபதம் எய்தினர். பொருநை சமவெளியிற் புகும் வாயிலிலே பிறந்தவர், சித்தாந்தப் பொருளை மலைமேலிருந்து நிலத்திற்குக் கொணர்ந்து பாய்ச்சினார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. அவரது நூல்களைப் பயிலும் நாம், அவரூர்த் துறையை அழுக்காக்குதல் தகுமோ?

இனி, சமவெளியில் ஆற்றின் நடை மாறுகின்றது. மலையில் விரைந்து வந்தது இங்கே அடிக்கடி தடுக்கப்படுகின்றது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என அணைக்கட்டுகள் எட்டு. இவற்றுள் முதல் ஏழும் பழங்காலத்தன. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை 1873-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது. ஒவ்வோர் அணையினின்றும் கால்வாய்கள் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயல்களை அடைகின்றன. காரும் பிசானமும் ஆகிய இருபோகமும் இவற்றால் விளைகின்றன. அணை என்பது ஆற்றை அழிப்பதன்று; நீரைச் சிறிது நிறுத்தி, கால்வாயின் மட்டத்திற்கு உயர்த்தி, மிகுந்ததைத் தன்மேல் வழியவிடுவது. தடுத்தலும் அதுவே செய்கின்றது. பயன்படச் செய்தலும் அதுவே செய்கின்றது.

மாயையின் இயல்பும் இத்தகையதே. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்பொருள் என நால்வகையாய் உயிரைச் சூழ்ந்துநின்று, ஒருபுறம் உயிரை வரையறைக்கு உட்படுத்துகின்றது. மற்றொருபுறம், ஆணவ இருளில் விளக்குப்போல நின்று சிறிதளவு அறிவு விளங்கச் செய்கின்றது. ஆதலின், இல்லறத்தையும் உடம்பையும் தொழிலையும் வெறுத்து ஓடுதல்தான் நெறி என்று எண்ணற்க. அணையில் நின்ற நீர் அங்கேயே தேங்கிக் கிடந்தாற் பாசி படரும். வயலுக்குச் சென்றாற் பயிராகும். இல்லத்திற் பெற்ற பொருளும் அறிவும் பிறர்க்குப் பாய்ந்தாற் சிவபுண்ணியமாகும். தேங்கினால் மேலும் ஒரு கட்டாகும்.

ஆறு கொடுப்பதும் செய்கின்றது, பெறுவதும் செய்கின்றது. கல்லிடைக்குறிச்சிக்கு அணித்தாக மணிமுத்தாறு வந்து கூடுகின்றது. நறும்பூநாதர் எழுந்தருளிய திருப்புடைமருதூரிற் கடனாநதி கூடுகின்றது. தருவை அருகே பச்சையாறும், குற்றாலத்து அருவிகளின் நீரைக் கொணரும் சிற்றாறு சீவலப்பேரியிலும் கூடுகின்றன. எட்டு அணைகளிலும் கொடுத்தும் ஆறு குறைந்தொழியாமைக்கு இவையும் காரணமாம். கொடுப்பவனுக்குத் திருவருள் வேறுவழியால் வந்து நிரப்பும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இரண்டாம் மலர் சேரன்மகாதேவியிலும், மூன்றாவது கோடகநல்லூரிலும், நான்காவது திருநெல்வேலிக்கு மேற்கேயுள்ள குன்னத்தூரிலும் அணைந்தன. ஒரே ஆசிரியர் ஒரே ஆற்றில் விட்ட மலர்கள் ஒரேயிடத்தில் அணையாமை என்னையோ? மலரின் கனமும், அது புகுந்த நீரோட்டமும், காற்றும் வேறுபடுதலின் என்க. உயிர்களுக்குச் சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்று நூல்கள் கூறும். அருள் ஒன்றே, பக்குவம் வேறு. முதற்றுறையில் அணைந்த மலரைக் கடைசி மலர் நோக்கிப் பொறாமை கொள்ள வேண்டுவதில்லை. கடைசி மலரை முதல் மலர் இகழவும் காரணம் இல்லை. பாபநாசத்திலும் சிவலிங்கமே, சேர்ந்தபூமங்கலத்திலும் சிவலிங்கமே.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் தைப்பூச நாளில் தீர்த்தவாரியின் பொருட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளுகின்றார். அந்நகரின் குறுக்குத்துறையில் முருகப்பெருமான் கோயில் ஆற்றின் நடுவிலேயே அமைந்துள்ளது. வெள்ளம் பெருகுங்கால் உற்சவ மூர்த்தியைக் கரைமேலுள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். மூலவர் வெள்ளத்தினுள்ளேயே நிற்பர். நீர் வடிந்தபின் சேற்றைக் கழுவி, வழிபாடு முன்போல் நிகழும். உலகில் வருவதும் போவதுமாகிய நிலைகளும், அவற்றினிடையே பெயராது நிற்கும் பொருளும் ஒருங்கே காணத்தக்க இடம் அது.

வெள்ளம் என்றவுடன் 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாள்களின் நிகழ்ச்சி நினைவிற்கு வரும். காயல்பட்டினத்தில் ஒருநாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பொருநை கரைகடந்து ஊர்களையும் வயல்களையும் மூடிற்று; உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் நேர்ந்தன. அருளென்று கூறிய ஆறு இங்ஙனம் செய்தல் யாங்ஙனம் என்று வினவுவார் உளர். இறைவனது கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும் என்பது நம் கோட்பாடே. ஆயினும், துன்புற்றாரை நோக்கி இது உங்கள் வினை என்று கூறித் தெருட்டுதற்கு நமக்கு உரிமை இல்லை. பிறர் வினையை அளக்கும் துலாக்கோல் நம் கையிற் கொடுக்கப்படவில்லை. நமக்குக் கொடுக்கப்பட்டது உதவும் கை ஒன்றே. அந்நாளில் திருச்செந்தூரினின்றும் சென்னைக்குப் புறப்பட்ட புகைவண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதனுள் நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்த நீரிடையே தங்க நேர்ந்தது. அயலூரார், தாமும் வெள்ளத்தால் வருந்தியிருந்தும், அரிசியும் பிறவும் கொணர்ந்து அவர்கட்குச் சோறு சமைத்து அளித்தனர். வெள்ளத்தில் அருள் எங்கே எனின், அவ்வடுப்பில் என்க.

ஐந்தாம் மலர் அணைந்த முறப்பநாட்டைக் கடந்தால், ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் தோன்றும். முன்னோர் இறந்தாரைத் தாழிகளிற் புதைத்த பெருங்காடு அது. ஸ்ரீவைகுண்டத்திற்கு அணித்தாகிய சிவகளையிற் கிடைத்த தாழியொன்றினுள் இருந்த நெல், கி.மு. 1155 அளவினது என ஆய்வால் தெரிந்ததாக 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாற்றின் கரையில் வாழ்ந்தவர், இறந்தாரோடு நெல்லையும் வைத்தனர். உடம்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்னும் உணர்ச்சி அவர்க்கும் இருந்தது போலும்! ஆறாம் மலர் அணைந்த ஸ்ரீவைகுண்டமோ குமரகுருபர அடிகள் தோன்றிய ஊர். ஐந்தாண்டு வரை பேசாதிருந்த குழந்தை, திருச்செந்தூர்ப் பெருமான் திருமுன்னர் வாய்திறந்து பாடிற்று என்பது யாவரும் அறிந்ததே. மேலே சிவஞான முனிவர், கீழே குமரகுருபரர். ஓர் ஆற்றின் இரு பகுதிகளில் இத்தகைய இருவர் தோன்றிய பேறு பொருநைக்கே உரியது.

தென்திருப்பேரையில் ஏழாவது மலரும், இராஜபதியில் எட்டாவது மலரும் அணைந்தன. இராஜபதியிலிருந்த பழைய கோயில் முன்னாளில் ஆற்று வெள்ளத்தால் அழிந்துபோக, அண்மைக் காலத்தில் அன்பர்கள் அங்கே மீண்டும் கோயில் எடுத்தனர் என்பர். மலர் அணைந்த இடத்தை அவ்வாறே அழித்துப்போயிற்று. ஆயினும் அடியார் நெஞ்சினின்றும் அவ்விடம் அழிந்ததில்லை. கோயிலுக்கு உண்மையான அடிப்படை கல்லோ, கருத்தோ என்பதை இதனால் உணரலாம்.

ஒன்பதாம் மலர் சேர்ந்த ஊர் சேர்ந்தபூமங்கலம். ஊர்ப்பெயரே வரலாறு கூறுகின்றது. அதனைக் கடந்து புன்னைக்காயலில் ஆறு மன்னார் வளைகுடாவிற் புகுகின்றது. பாண்டியரது பழந்துறைமுகமாகிய கொற்கை முற்காலத்து இவ்வாற்றின் முகத்தில் இருந்தது. யவனரும் அறிந்த முத்துத்துறை அது. ஆறு கொணர்ந்த வண்டல் படியப்படியக் கடல் விலகியமையால், இன்று கொற்கை கடலினின்றும் சில கிலோமீட்டர் உள்ளே சிற்றூராய்க் கிடக்கின்றது. கடலையும் பின்வாங்கச் செய்த அவ்வண்டல் பொதியமலையின் மண்ணே. அரசும் துறையும் வாணிகமும் ஒழிந்தன, ஆறு ஒழிந்ததில்லை.

உரோமசர் முத்தி பெற்றதும் இக்கூடல்முகத்திலேயே என்ப. இங்கே ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆறுகள் கடலிற் புக்குத் தம் பெயரும் வடிவும் இழந்து கடலே ஆதல்போல, உயிரும் முத்தியில் தன்னை இழந்து பிரமமே ஆகும் என்பர் ஏகான்மவாதியர். கேட்பதற்கு இனிய உவமையே. ஆயின் ஆராய்ந்து பாருங்கள். மலையினின்றும் இன்சுவையோடு வந்த நீர், கடலிற் கலந்தவுடன் பெறுவது யாது? உப்பு. நம் நூல்களிலோ கடலின் பரப்பு இறைவனுக்கும், அதனுள் அடங்கிய நீர் உயிர்க்கும், நீரைப் பற்றிய உப்பு மலத்திற்கும் உவமையாகக் கூறப்படும். உப்பு நீரைப் பற்றுமேயன்றி, நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் பரப்பைப் பற்றாது. மலமும் உயிரைப் பற்றுமேயன்றி, உயிர்க்கு உயிராய் நிற்கும் இறைவனைப் பற்றாது. அங்ஙனமாயின், ஆறு கடலிற் கலத்தலை முத்திக்கு உவமை கூறுவார், முத்தி என்பது மலத்தைப் புதிதாகப் பெறுதல் என்று கூறியவராவர்!

அன்றியும், கூடல்முகத்தில் முத்தி பெற்றது ஆறோ, உரோமசரோ? உரோமசரே. நீரில் மூழ்கிய அவர் நீராகிவிடவில்லை. மூழ்குவார்க்கு அகமும் புறமும் நீரேயாய் நிற்க, தாம் என்னும் முனைப்பு அடங்கி, நீரின் குளிர்ச்சி ஒன்றே நுகர்ச்சியாய் நிற்றல்போல, முத்தியிலும் உயிர் அழிந்தொழியாது, சிவானந்தத்துள் அழுந்தி நுகர்ந்து நிற்கும். நுகர்வோன் இல்லையாயின் இன்பம் யார்க்கு? உயிர் அழிவதே முத்தியாயின், ஒன்பது துறைகளிலும் அவ்வளவு வழிபாடு செய்தது யார்பொருட்டு? ஆதலின், ஆறு கடலாதலை நோக்கற்க. ஆற்றில் மூழ்கிய அடியவனை நோக்குக.

அன்பர்களே! இவ்வளவும் ஆராய்ந்ததன் பயன் ஒன்றுண்டு. பூங்குளத்தினின்றும் புன்னைக்காயல் வரை அருளின் வடிவாக நாம் கண்ட இவ்வாறு, இன்று மலர் மட்டும் சுமந்து செல்லவில்லை. பாபநாசத்தில் விட்ட ஆடையையும், கரையூர்களின் கழிவுநீரையும், ஆலைகளின் எச்சத்தையும் சுமக்கின்றது. கழிவு கலத்தலைப் பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றத்து மதுரைக்கிளையின் நீதிபதிகள் 2024-ஆம் ஆண்டில் ஆற்றங்கரைக்கே வந்து பார்வையிட்டனர். நீதிமன்றம் கூறியே நாம் செய்ய வேண்டிய நிலை வந்தது நமக்குப் பெருமையன்று. ஒன்பது மலர்கள் சென்ற வழியிலேயே இவையெல்லாம் செல்கின்றன. ஒன்பது கயிலாயங்களின் துறைகளையும் இவை தொடுகின்றன. அத்துறைகளிலிருந்து எடுத்த நீராலேயே இறைவனுக்கு அபிடேகம் செய்யப்படுகின்றது.

ஆதலின், நவகயிலாய யாத்திரைக்குப் புறப்படும் அன்பர்கள் மூன்று நியமங்களை மேற்கொள்வாராக. உடுத்துச் சென்ற ஆடையை உடுத்தே, அல்லது பிழிந்து கையில் எடுத்தே, திரும்புக. எண்ணெயும் சவர்க்காரமும் துறையிற் கொண்டு இறங்கற்க. ஒவ்வொரு துறையிலும் நீராடுமுன் கண்ணிற் பட்ட குப்பை ஒன்றையேனும் எடுத்துக் கரையேற்றிய பின்னர் மூழ்குக. இவை சிறியன என்று எண்ணற்க. திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுகுதலும் சரியைத் தொண்டாகவே நூல்களில் வைக்கப்பட்டுள்ளன. இறைவன் எழுந்தருளிய கோயிலை அலகிடுதல் தொண்டாயின், அவன் அருள் ஓடிவரும் வழியை அலகிடுதலும் தொண்டேயாம்.

கழற்ற வேண்டியது இடையிலுள்ள ஆடையன்று. நெஞ்சிலுள்ள யான் எனது என்னும் செருக்கு. அதனை ஆற்றில் விட இயலாது. ஆற்றைத் தந்தவனிடத்தே ஒப்புவிக்க இயலும். அங்ஙனம் ஒப்புவித்து நிற்பார் எத்துறையில் நிற்பினும், அத்துறையே அவர்க்குப் பாபநாசமும் சேர்ந்தபூமங்கலமும் ஆகும்.

திருச்சிற்றம்பலம்.